நோயுற்ற வழிப்போக்கனின் பயணச்சீட்டு

பயணமும் நோயும் ஒரே வழியில் நடப்பவை. தென்காசி வட்டாரத்து மக்களுக்கு இதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மேற்கு மலைத்தொடர் இவ்விடத்தில் சற்றே தாழ்ந்து மனிதனுக்கு வழிவிடுகிறது. செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு எனச் செல்லும் அக்கணவாயின் வழியே நெல்லும் மிளகும் மலை கடந்தன. வணிகரும் திருப்பயணியரும் மலை கடந்தனர். சாரல் காலம் வந்துவிட்டால் குற்றாலத்து அருவிகளைத் தேடி நாற்றிசையினின்றும் மக்கள் வந்து குவிந்தனர். அதே வழியில்தான் வாந்திபேதியும் வைசூரியும் கொள்ளைக் காய்ச்சலும் வந்து போயின. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் பரவிய காய்ச்சலின் காரணங்களை ஆராய மருத்துவர் குழுவொன்று அமைக்கப்பட்டதும், அதன் அறிக்கை 1816-இல் இலண்டனில் நூலாக வெளிவந்ததும் இவ்வட்டாரத்தின் பழைய துயரத்துக்குச் சான்றாய் நிற்கின்றன.

மருத்துவ வரலாற்றை எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வரலாற்றின் ஓரத்தில் கிடக்கும் சிறியதொரு கேள்வியை எடுத்து ஆராயவே விழைகிறோம். தொற்றுநோய் கண்ட ஒருவன், பிறர்க்கு அது பரவலாகாது என்பதற்காகத் தன் பயணத்தை நிறுத்திக்கொள்கிறான், அல்லது நிறுத்தப்படுகிறான். அவன் முன்னரே செலுத்திவிட்ட கட்டணம் யாரைச் சேரும்? அந்த இழப்பை அவனே தாங்க வேண்டுமா, அவனை ஏற்றிச் செல்ல ஒப்புக்கொண்டவர் தாங்க வேண்டுமா, அல்லது அவன் நின்றதனால் காக்கப்பட்ட சமுதாயம் தாங்க வேண்டுமா? பார்வைக்கு இது வெறும் கணக்குவழக்காகத் தோன்றலாம். ஆனால் ஒரு சமுதாயம் தன் நோயாளியை எவ்வாறு மதிக்கிறது என்பதை அறிய இதைவிடத் தெளிவான உரைகல் அரிது.

பாளையத்துக்கு வெளியே

பழைய ஏற்பாட்டில் லேவியர் நூல் தொற்றுநோயாளியைப் பாளையத்துக்கு வெளியே நிறுத்துகிறது. அந்தக் கண்டிப்பை மட்டும் கண்டு பலர் அந்நூலை மூடிவிடுகின்றனர். அடுத்த அதிகாரத்தையும் நாம் படித்தல் வேண்டும். நோய் நீங்கியவனைச் சோதிக்கக் குருவே பாளையத்துக்கு வெளியே செல்ல வேண்டும் என்று அங்கே விதிக்கப்பட்டுள்ளது. செலுத்த வேண்டிய காணிக்கையிலும் ஏழைக்குச் சலுகை உண்டு. வசதியுள்ளவன் கொண்டுவர வேண்டிய ஆட்டுக்குட்டிகளின் எண்ணிக்கை ஏழைக்குக் குறைக்கப்பட்டு, புறாக்களே போதும் எனப்படுகிறது (லேவியர் 14:21-22). சமுதாயத்தின் நலனுக்காக விலக்கி வைக்கப்பட்டவன் அந்த விலக்கின் செலவாலேயே நசுங்கிவிடலாகாது என்னும் எண்ணம் அத்தனை தொன்மையானது.

இடைக்கால ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது துறைமுக நகரங்கள் தங்களைக் காத்துக்கொள்ள வழி தேடின. அத்ரியாத்திக் கடற்கரையில் இருந்த இராகூசா நகரம் 1377-இல், நோய் கண்ட இடங்களினின்று வருவோர் 30 நாள் வெளியே தங்கியிருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. பின்னர் அது 40 நாளாயிற்று. நாற்பது என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லினின்றே 'குவாரன்டைன்' என்னும் சொல் பிறந்தது. 1423-இல் வெனிசு நகரம் இதற்கெனத் தீவொன்றில் மனை அமைத்தது. நாற்பது நாள் பாலைநிலத்தில் ஆண்டவர் தங்கியதையும் நம் தவக்காலத்தையும் நினைவூட்டும் அந்த எண், காத்திருத்தலின் அடையாளமாயிற்று. ஆயினும் காத்திருப்பவன் எதை உண்பான் என்னும் கேள்வி அன்றும் இருந்தது.

அதற்கு விடையாக நம் திருச்சபை புனிதர்களின் வாழ்வைக் காட்டுகிறது. சில ஊர்களில் ஆரோக்கியநாதர் என்று வணங்கப்படும் புனித ரோக் ஒரு திருப்பயணி. கொள்ளைநோயாளிகளுக்குத் தொண்டாற்றி வந்த அவரையே இத்தாலியின் பியாசென்சா நகரில் அந்நோய் பற்றிக்கொண்டது. பிறர்க்குச் சுமையாகலாகாதென்று அவர் நகரை விட்டகன்று காட்டில் ஒதுங்கினார் என்றும், நாயொன்று தன் தலைவனின் வீட்டிலிருந்து நாள்தோறும் அவருக்கு ரொட்டி கொண்டுவந்தது என்றும் மரபுவழிக் கதை கூறுகிறது. அவருடைய சுரூபத்தின் காலடியில் நிற்கும் நாயை நாம் அறிவோம். அதன் பொருளை எண்ணிப் பார்த்தோமா? பிறர் நலனுக்காகப் பாதி வழியில் நின்றுவிட்ட ஒரு பயணிக்கு அவனுடைய அப்பம் தேடி வந்தாக வேண்டும் என்பதே அதன் பொருள். 1576-இல் மிலான் நகரம் கொள்ளைநோயில் வாடியபோது பேராயர் சார்லஸ் பொரோமேயோ தம் உடைமைகளை விற்றும் கடன் வாங்கியும் பசித்தோர்க்கு உணவளித்தார். நம் மக்கள் ஞானப்பிரகாசியார் என்று அன்புடன் அழைக்கும் அலோசியுஸ் கொன்சாகா, 1591-இல் உரோமையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து தம் 23-ஆம் வயதில் உயிர்நீத்தார்.

இரயில் வந்தது, சீட்டும் வந்தது

கால்நடையாகச் சென்ற காலத்தில் பயணச்சீட்டு என்பது கிடையாது. காய்ச்சல் கண்டவன் சத்திரத்துத் திண்ணையில் படுத்தான். குணமானபின் எழுந்து நடந்தான். இழந்தவை நாள்களேயன்றிப் பணமன்று. முன்னரே பணம் செலுத்திப் பயண உரிமையை வாங்கும் வழக்கம் பரவலானது இரயிலாலும் கப்பலாலும்தான். 1904-இல் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மலையைக் குடைந்து இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், தென்காசி கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைக்கும் நெடும்பாதையில் ஒரு நிலையமாயிற்று.

அந்த இருப்புப்பாதை வந்தபோதே அதனுடன் ஒரு சட்டமும் வந்தது. 1890-ஆம் ஆண்டின் இந்திய இரயில்வே சட்டம், தொற்றுநோய் உடையவர் அனுமதியின்றி வண்டியில் ஏறுவதைக் குற்றமாக்கிற்று. அத்தகையவருக்கும், அவரை அழைத்துச் செல்பவருக்கும் அபராதம் உண்டு. அதற்கு மேலாக, அவர்கள் செலுத்திய கட்டணமும் வாங்கிய சீட்டும் பறிமுதலாகும். வண்டியினின்றும் அவர்கள் இறக்கிவிடப்படுவர். விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டமும் தன் 56-ஆம் பிரிவில் இந்தப் பறிமுதலைக் கைவிடவில்லை. நிலைய அதிகாரியின் அனுமதி பெற்றால் நோயாளியைத் தனியே பிரித்து ஏற்றிச் செல்லலாம் என்று வழிசெய்த அதே பிரிவு, அனுமதியின்றி ஏறியவரும் உடன் செல்பவரும் சீட்டை இழப்பர் என்றும் கூறிற்று.

சட்டத்தின் நோக்கத்தை நாம் குறை கூற இயலாது. 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக் இரயில் பாதைகளின் வழியே பரவியதை நாடு கண்டது. 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. நோய் கண்ட ஊர்களினின்று சென்னை மாகாணத்துக்குள் வந்தவர்கள் 'பிளேக் பாஸ்போர்ட்' என்னும் சீட்டைப் பெற்று, தாம் தங்கும் இடத்தில் குறித்த நாள்கள்வரை அதிகாரியின் முன் தோன்ற வேண்டியிருந்தது. 1898-இல் வந்த தொழுநோயாளர் சட்டமோ, அந்நோயாளிகள் வாடகை வண்டிகளில் ஏறுவதையே தடுக்க இடம் தந்தது. அச்சட்டம் நீக்கப்பட்டது 2016-இல்தான். அச்சம் மிகுந்த காலத்தில் சட்டம் நோயாளியைக் குற்றவாளியின் அருகில் நிறுத்திவிடுகிறது. ஒளித்துச் சென்றவனுக்குத் தண்டனை எழுதப்பட்டது சரியே. ஆனால் ஒளிக்காமல் நின்றவனுக்கு ஆறுதல் எழுதப்பட்டதா? அந்தப் பக்கம் நெடுங்காலம் வெறுமையாகவே கிடந்தது.

இதே காலத்தில் திருநெல்வேலிச் சீமையினின்று ஏழை மக்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றுகொண்டிருந்தனர். தூத்துக்குடி வழியாகக் கப்பலேறியவர்கள் தட்டப்பாறை முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோயற்றவர் என்று தெரிந்தபின்னரே அனுப்பப்பட்டனர். 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி, தலைமன்னார்க் கப்பல் போக்குவரத்தும் தொடங்கியபின் மண்டபம் முகாம் அந்தப் பணியை ஏற்றது. தோட்டத்தின் எண் பொறித்த வட்டமான தகரத் துண்டே அத்தொழிலாளியின் பயணச்சீட்டு. அதைக் கொண்டவனுக்கு வழியில் பணம் கேட்பாரில்லை. தோட்டத்தின் கணக்கில் செலவு எழுதப்பட்டது. பார்வைக்கு இது பெருந்தன்மை போலத் தோன்றும். ஆனால் கங்காணி முறையில் வழிச்செலவும் முன்பணமும் பெரும்பாலும் கடனாகத் திரண்டு, இறுதியில் தொழிலாளியின் தலையிலேயே இறங்கின. முகாமில் கழிந்த நாள்களுக்குக் கூலியும் இல்லை. நோயைத் தடுத்ததன் பயன் தோட்டத்துக்கும் இலங்கை அரசுக்கும். அதன் சுமை யாருக்கு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

விமானச்சீட்டின் இயல்பு

காலம் மாறியது. இன்று தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, சுரண்டை வட்டாரங்களினின்று வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைப்போர் பலர். திருவனந்தபுரமோ மதுரையோ அவர்களுக்கு விமானத் துறையாகிறது. தகரத் துண்டின் இடத்தை விமானச்சீட்டு பிடித்துக்கொண்டது. அச்சீட்டை வாங்க நகையை அடகு வைத்த குடும்பங்களை நம் பங்குகளில் நாம் அறிவோம்.

விமானச்சீட்டு ஓர் ஒப்பந்தம். அதன் சிறிய எழுத்துகளில் இரண்டு செய்திகள் அருகருகே கிடக்கின்றன. பிறர்க்குத் தொற்றக்கூடிய நோயுடையவரை ஏற்ற மறுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்பது ஒன்று. குறைந்த விலைச் சீட்டுக்குப் பணம் திரும்பாது என்பது மற்றொன்று. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமே. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் இடர்ப்பாடு புலப்படும். நோயாளி வரலாகாது, வராவிட்டால் பணமும் இல்லை.

நிறுவனத்தின் பக்கத்தையும் நடுநிலையோடு நோக்குவோம். குற்றாலத்தில் சாரல் காலத்தில் விடுதி வைத்திருப்பவரைக் கேட்டால் சொல்வார்: இன்றிரவு வெறுமையாய்க் கிடந்த அறையை நாளை விற்க முடியாது. கடைவீதியில் மங்குஸ்தான் விற்பவருக்கும் இதே நிலைதான்; அழுகிய பழத்துக்கு மறுநாள் விலையில்லை. புறப்பட்டுவிட்ட விமானத்தின் வெற்றிருக்கையும் அத்தகையதே. எனவேதான் நிறுவனங்கள் வருவது உறுதி என்று முன்கூட்டியே வாக்களிப்பவருக்கு விலையைக் குறைத்தும், மனம் மாற உரிமை வேண்டுவோருக்கு விலையைக் கூட்டியும் விற்கின்றன. இதில் சூழ்ச்சி ஏதுமில்லை. ஆனால் விளைவு ஒன்று உண்டு. விலை குறைந்த சீட்டை வாங்குபவன் ஏழை. ஆகவே நோயின் இடரை முழுவதும் சுமப்பவனும் அவனே. செல்வன் தன் உயர்ந்த விலைச் சீட்டோடு, காய்ச்சல் வரும் உரிமையையும் சேர்த்து வாங்கிவிடுகிறான்!

விமானமும் கொள்ளைநோயும் சந்திப்பது புதிதன்று. 1954-லேயே நம் நாட்டில் விமானப் பயணத்துக்கான பொதுச் சுகாதார விதிகள் வகுக்கப்பட்டன. 1994 செப்டம்பரில் சூரத்து நகரில் பிளேக் என்ற செய்தி பரவியதும் வளைகுடா நாடுகள் பல இந்தியாவுடன் விமானத் தொடர்பைத் துண்டித்தன. விடுமுறைக்கு வந்திருந்த தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப இயலாமல் தவித்தனர். அந்த அச்சம் சில வாரங்களில் தணிந்தது. ஆனால் அது விட்டுச்சென்ற பாடத்தை நாம் விரைவிலேயே மறந்தோம்.

2020-இன் பாடம்

2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. நான்கு மாதம் நிறைவதற்குள் கொரோனா பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. இரயில்கள் நின்றன, உள்நாட்டு விமானங்கள் நின்றன, வெளிநாட்டு விமானங்கள் அதற்குச் சில நாள் முன்னரே நின்றுவிட்டன. புளியரைச் சோதனைச் சாவடியில் மாநில எல்லை உண்மையிலேயே எல்லையாயிற்று. குற்றாலத்து அருவிகள் நீர் பெருகி வீழ்ந்தபோதும் நீராடுவோர் இன்றிக் கிடந்தன. ஆலயங்களும் மூடப்பட்டன. மார்ச் 27-ஆம் நாள் மாலை, மழை நனைத்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் தனித்து நின்று, நாம் யாவரும் ஒரே படகில் இருக்கிறோம் என்னும் பொருள்பட மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் மொழிந்ததை உலகம் கேட்டது.

ஒரே படகில் இருந்தோம். ஆனால் சீட்டின் பணம் மட்டும் ஒரே பக்கத்தில் தங்கிவிட்டது. பறக்காத விமானங்களுக்குப் பெற்ற கட்டணத்தைத் திருப்பித் தராமல், பின்னொரு நாள் பயணம் செய்யலாம் என்னும் வரவுக் கணக்காகவே பல நிறுவனங்கள் எழுதி வைத்தன. ஏப்ரல் 16-இல் விமானப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பு, ஊரடங்குக் காலத்தில் பதிவு செய்தவர்களுக்கே பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிற்று. அதற்கு முன்னர் பதிவு செய்த பெருந்தொகையினர் வெளியே நின்றனர். விடுமுறைக்கும் திருவிழாவுக்கும் எனத் திங்கள் பல முன்னரே சீட்டு வாங்கியிருந்தவர்களே அவர்கள்.

பிரவாசி லீகல் செல் என்னும் அமைப்பு இதை உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றது. நீதிபதிகள் அசோக் பூஷண், சுபாஷ் ரெட்டி, எம்.ஆர். ஷா ஆகிய மூவர் அமர்வு 2020 அக்டோபர் 1-இல் தீர்ப்பளித்தது. ஊரடங்கின்போது பதிவு செய்து அதே காலத்தில் பயணம் செய்யவிருந்தவர்களுக்கு முழுக் கட்டணமும் உடனே திரும்ப வேண்டும். அதற்கு முன்னர் பதிவு செய்தவர்களுக்கு 15 நாளில் பணம் தரப்பட வேண்டும். நிதி நெருக்கடியால் தர இயலாத நிறுவனம் 2021 மார்ச் 31 வரை செல்லத்தக்க வரவுக் கணக்கைத் தரலாம். அந்தக் கணக்கைப் பிறர்க்கு மாற்றிக் கொடுக்கலாம். காத்திருத்தலுக்கு ஈடாக 2020 ஜூன் இறுதிவரை மாதம் 0.5 விழுக்காடும், அதன்பின் 0.75 விழுக்காடும் கூடும். ரூ. 20,000 சீட்டுக்கு இது முதலில் மாதம் 100 ரூபாய், பின்னர் 150 ரூபாய். குறித்த நாளுக்குள் பயன்படுத்தாவிடின் பணமே திரும்பியாக வேண்டும். முகவர் வழியாகச் சீட்டு வாங்கியவர்களுக்குப் பணம் முகவர் கைக்கு வந்தவுடன் தாமதமின்றிச் சேர வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறிற்று.

தொகை சிறியதாக இருக்கலாம், கொள்கை பெரியது. காத்திருப்பவனின் காலத்துக்கும் மதிப்பு உண்டு என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் இத்தீர்ப்பு விமானமே பறக்காத காலத்தைப் பற்றியது. விமானம் பறந்து, நோயுற்ற பயணி மட்டும் வீட்டில் தங்கிவிட்டால் என்ன செய்வது என்னும் நம் கேள்வி அங்கே எழவில்லை.

அக்கேள்விக்கு அதே ஆண்டில், எதிர்பாராத இடத்தினின்று விடை வந்தது. 2020 மே மாதம் இரயில்வே அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. நிலையத்தில் வெப்பநிலை சோதிக்கப்பட்டு, காய்ச்சலோ நோய்க்குறியோ கண்டு பயணம் மறுக்கப்பட்டவருக்கு முழுக் கட்டணமும் திருப்பித் தரப்படும். ஒரே சீட்டில் உடன் செல்லவிருந்தவர்கள் அவரை விட்டுப் பிரிந்து செல்ல விரும்பாவிடின் அவர்களுக்கும் முழுக் கட்டணம் திரும்பும் என்றது அந்த ஆணை. 1890-இல் நோயாளியின் சீட்டையும் அவனை அழைத்துச் சென்றவனின் சீட்டையும் பறிமுதல் செய்யச் சட்டம் எழுதிய அதே இருப்புப்பாதை, 130 ஆண்டுகளுக்குப்பின் நோயாளிக்கும் துணைவருக்கும் பணத்தைத் திருப்பித் தர ஆணை எழுதியது. நோயை மறைத்து ஏறுபவனைச் சட்டம் இன்னும் மன்னிக்கவில்லை, அது தக்கதே. ஆனால் மறைக்காமல் நிற்பவனுக்கென வெறுமையாய்க் கிடந்த பக்கத்தில் முதன்முறையாக ஒரு வரி எழுதப்பட்டது.

உலகம் எழுதிய விதிகள்

உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2005-ஆம் ஆண்டு விதிகள் 2007-இல் நடைமுறைக்கு வந்தன. பொது நலனைக் காக்க ஒரு நாடு பயணியைச் சோதித்தாலோ தனிமைப்படுத்தினாலோ அதற்கு அவரிடம் கட்டணம் பெறலாகாது என்று அவற்றின் 40-ஆவது விதி கூறுகிறது. நம் லேவியர் நூலின் புறாக்களை நினைவூட்டும் அழகிய விதி இது. ஆனால் அதில் ஒரு விலக்கும் உண்டு. தற்காலிகமாகவோ நிலையாகவோ தங்கி வாழச் செல்பவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. பிழைப்புத் தேடிச் செல்லும் தொழிலாளி அந்த விலக்கினுள் விழுந்துவிடுகிறான். 2020 மே 7 முதல் சிறப்பு விமானங்களில் தாயகம் திரும்பியவர்கள் தம் கட்டணத்தைத் தாமே செலுத்தினர்; தனிமையில் தங்கிய செலவும் பலர் தலைமேல் விழுந்தது.

2024 ஏப்ரலில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் போக்குவரத்துத் துறை வெளியிட்ட விதி, நம் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டது. கடுமையான தொற்றுநோய் கண்டவர், அல்லது கண்டிருக்கக்கூடும் என்று மருத்துவரால் பயணம் தவிர்க்கச் சொல்லப்பட்டவர், திரும்பப் பெறவியலாத சீட்டை வைத்திருந்தாலும், குறைந்தது ஐந்தாண்டு செல்லத்தக்க, பிறர்க்கு மாற்றத்தக்க வரவுச் சீட்டை நிறுவனம் அவருக்குத் தர வேண்டும் என்றது அது. தக்க மருத்துவச் சான்றை நிறுவனம் கேட்கலாம். பணமாகத் தருவதற்கும் ஒன்றும் தராமைக்கும் இடையில் கண்ட நடுவழி அது. நோயாளியின் உரிமை அழியவில்லை. நிறுவனத்தின் கைப்பணமும் ஒரே நாளில் கரையவில்லை.

நம் நாட்டில் 2016-இல் திருத்தப்பட்ட விமானச்சீட்டு விதிகள், எத்தகைய மலிவுச் சீட்டாயினும் அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பியாக வேண்டும் என்று வகுத்தன. பணமாகப் பெறுவதா வரவுக் கணக்காக வைப்பதா என்பதைத் தேர்வது பயணியின் உரிமை என்றும் கூறின. இவற்றைக்கூடக் கேட்டுப் பெறாதோர் நம்மில் பலர்.

உண்மை பேசுவதற்கான விலை

இனி, இதில் நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். ஒரு தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். கடன் வாங்கிச் சீட்டெடுத்துள்ளான். குறித்த நாளில் சேராவிடின் வேலை போகலாம். புறப்படும் நாள் காலையில் உடல் கொதிக்கிறது. ஒரு மாத்திரையை விழுங்கினால் வெப்பமானியை ஏமாற்றிவிடலாம். 2020-இல் விமானங்கள் மீண்டும் பறந்தபோது, நோயில்லை என்று ஒவ்வொரு பயணியும் எழுதித் தர வேண்டியிருந்தது. அந்தத் தாளில் அவன் உண்மையை எழுதினால் அனைத்தையும் இழப்பான். பொய்யை எழுதினால் தான் ஒன்றையும் இழக்கமாட்டான், அருகிலிருக்கும் முதியவரோ குழந்தையோ தன் நலத்தை இழக்கக்கூடும்.

பொய் பாவமே. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் உண்மைக்கு இத்தனை பெரிய விலையை வைத்துவிட்டு, அதை ஏழை ஒருவனே செலுத்தட்டும் என்று நாம் ஒதுங்கி நிற்பதும் பாவமல்லவா? அவன் தங்கிவிட்டதனால் நன்மையடைந்தவர்கள் அந்த விமானத்தில் அமர்ந்திருந்த அனைவரும், அவர்கள் சென்று சேர்ந்த ஊர்களும் ஆவர். நன்மை எல்லார்க்குமானது என்றால் இழப்பையும் எல்லாரும் பகிர்வதே நீதி. ஒவ்வொரு சீட்டிலும் சில ரூபாய் கூடுவதால் அந்தப் பகிர்வு நிறைவேறுமாயின், அது நாம் மகிழ்வோடு செலுத்த வேண்டிய காணிக்கை.

நல்ல சமாரியர் உவமையில் நாம் பெரும்பாலும் எண்ணெயையும் திராட்சை மதுவையும் நினைவில் கொள்கிறோம். கணக்கை மறந்துவிடுகிறோம். பயணம் தடைப்பட்ட அந்த மனிதனுக்காகச் சமாரியர் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் உறுதி கூறினார் (லூக்கா 10:35). இரக்கம் உள்ளத்தில் தோன்றினாலும், அது நிறைவுறுவது பணப்பையில்தான் என்று ஆண்டவர் காட்டுகிறார். சாவடிக்காரருக்கும் அவர் இழப்பை உண்டாக்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

சலுகை வந்தால் ஏமாற்று வரும் என்பர் சிலர். அவர்கள் அச்சம் வீணன்று. இல்லாத நோய்க்குச் சான்றிதழ் வாங்குவது நம் நாட்டில் அரிய செயலாக இல்லை. விடுப்புக்காகவும் சலுகைக்காகவும் பொய்ச் சான்றிதழ் பெறும் ஒவ்வொருவரும், உண்மையாகவே நோயுற்ற ஓர் ஏழையின் சான்றிதழை மதிப்பிழக்கச் செய்கிறார். களவு செய்யாதே என்னும் கட்டளை இங்கே நிறுவனத்தின் பணத்தை மட்டும் காக்கவில்லை. நோயாளியின் சொல்லையும் காக்கிறது. எனவே நிறுவனத்திடம் நீதி கேட்கும் நாம், நம் மருத்துவரிடமும் நம்மிடமும் நேர்மையைக் கேட்க வேண்டியவர்களாகிறோம்.

நம் பங்குகளில் செய்யத்தக்கவை சில உண்டு. வெளிநாடு செல்வோர்க்குச் சீட்டின் விதிகளைப் படித்துச் சொல்லப் படித்த இளைஞர்கள் முன்வரலாம். நோயினால் பயணம் தவறினால், விமானம் புறப்படுவதற்கு முன்னரே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கவும், மருத்துவச் சான்றைப் பாதுகாக்கவும், திரும்ப வேண்டிய வரிகளையேனும் கேட்டுப் பெறவும், மறுக்கப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடவும் அவர்கள் வழிகாட்டலாம். 1833-இல் பாரிசில் இளைஞர்கள் சிலரால் தொடங்கப்பட்டு இன்று நம் பங்குகளிலும் தொண்டாற்றும் வின்சென்ட் தே பவுல் சபை, நோயினால் பயணம் தடைப்பட்ட குடும்பத்தையும் தன் உதவிக்குரியோர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். திருப்பயணக் குழுக்களை அழைத்துச் செல்வோர், காய்ச்சல் கண்டு பின்தங்கும் ஒருவருடைய பணத்தை என்ன செய்வது என்பதைப் புறப்படும் முன்னரே பேசி முடிவுசெய்து கொள்வது நலம்.

மலை கடந்து செல்லும் அந்தப் பழைய வழி இன்றும் திறந்தே இருக்கிறது. நோய்களும் இனி வராமல் இருக்கப் போவதில்லை. அடுத்த முறை அவ்வழியில் ஒருவன் பிறர்க்காகத் தன் பயணத்தை நிறுத்திக்கொள்ளும்போது, அவனைத் தேடி ரொட்டி கொண்டுபோகும் கடமை நம்முடையது.